வீட்டு கராஜில் விமானம் கட்ட முடியுமா? கிட் விமானம்: சட்டம் என்ன சொல்லுது, ஆபத்து எங்கே இருக்கு?

கார் நிறுத்தும் கராஜில் காரை வெளியே விட்டுவிட்டு, உள்ளே ஒரு விமான இறக்கையை மேசை மேல் வைத்து ரிவெட் அடித்துக்கொண்டிருப்பார் ஒருவர். அமெரிக்காவில் இது அபூர்வமான காட்சி இல்லை. இப்படித் தனிநபர்கள் சொந்தமாகக் கட்டிய விமானங்கள் அங்கே 30 ஆயிரத்துக்கும் மேல் பதிவாகியுள்ளன. பெட்டிகளில் வரும் பாகங்களை வீட்டிலேயே இணைத்து, அரசிடம் அனுமதி வாங்கி, அதே விமானத்தில் ஏறிப் பறக்கவும் செய்கிறார்கள்.

தொழிற்சாலை இல்லாமல் விமானம் கட்ட சட்டம் எப்படி அனுமதிக்குது? கராஜுக்குள் உண்மையில் என்ன வேலை நடக்கும்? தப்பு நடந்தா யார் பொறுப்பு? விரிவாகப் பார்க்கலாம்.

கிட் விமானம்னா என்ன?

ஆன்லைனில் கட்டிலோ அலமாரியோ வாங்கினால் பலகை, ஸ்க்ரூ, கூடவே ஒரு விளக்கப் புத்தகம் வரும். கிட் விமானமும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். வளைத்து வெட்டிய அலுமினியத் தகடுகள், குழாய்கள், போல்ட்கள், வரைபடங்கள் எல்லாம் பெட்டிகளில் வரும். அவற்றை வாங்கியவரே இணைக்க வேண்டும்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அலமாரி 2 மணி நேரத்தில் முடிந்துவிடும். விமானத்துக்கு வருஷக்கணக்கில் ஆகும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட், மிசௌரியில் இருக்கும் ஜெனித், ஐடஹோவில் இருக்கும் கிட்ஃபாக்ஸ் ஆகியவை இந்தத் துறையில் பழக்கமான பெயர்கள். வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வகை விமானங்கள் மட்டுமே இதுவரை 10 ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டுப் பறந்துள்ளன. இரண்டு பேர் உட்காரும் எடை குறைந்த விமானங்களில், ஆஸ்திரியாவில் தயாராகும் 100 குதிரைத் திறன் கொண்ட ரோட்டாக்ஸ் 912 இன்ஜினை அதிகம் பார்க்கலாம். காருக்குப் போடும் பெட்ரோலிலேயே அது ஓடும்.

51 சதவீத விதி: சட்டத்தின் அடிப்படை

அமெரிக்காவில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு எஃப்ஏஏ. சொந்தமாகக் கட்டும் விமானங்களுக்கு அது 'எக்ஸ்பெரிமென்டல் அமெச்சூர்-பில்ட்' என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது.

இந்தப் பிரிவின் முக்கிய நிபந்தனை, கட்டுமான வேலையின் பெரும்பகுதியைத் தனிநபரோ ஒரு குழுவோ கற்றுக்கொள்வதற்காக அல்லது பொழுதுபோக்குக்காகச் செய்திருக்க வேண்டும் என்பதுதான். பேச்சுவழக்கில் இதை '51 சதவீத விதி' என்பார்கள்.

நண்பர்கள் வந்து உதவலாம், குடும்பமே சேர்ந்து கட்டலாம். ஆனால் காசு கொடுத்து ஆள் வைத்து மொத்த வேலையையும் முடித்துவிட்டு "நான்தான் கட்டினேன்" என்று சொல்ல முடியாது. பெயின்ட் அடிப்பது, சீட் தைப்பது, மின்னணுக் கருவிகள் பொருத்துவது போன்றவற்றை வெளியே கொடுக்கலாம். அவை இந்த 51 சதவீதக் கணக்கில் வராது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. "நீங்க கட்டினீங்களா?" என்பதைத்தான் இந்த விதி கேட்கிறது. பெரிய நிறுவனங்களின் விமானம் என்றால் வடிவமைப்பு, பாகங்கள், தயாரிப்பு முறை எல்லாவற்றையும் அரசு சோதித்துச் சான்று தர வேண்டும். கிட் விமானத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. பதிலுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. பயணிகளை ஏற்றிக் காசு வாங்கக் கூடாது. ஏறும் இடத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று குறைந்தது 2 அங்குல உயர எழுத்தில் எழுதியிருக்க வேண்டும்.

இதைவிடச் சின்னதாக 'அல்ட்ராலைட்' என்று இன்னொரு வகையும் இருக்கிறது. ஒருவர் மட்டும் உட்காரலாம், வெற்று எடை 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவில் அதற்குப் பதிவும் வேண்டாம், பைலட் லைசென்ஸும் வேண்டாம்.

கராஜ் போதுமா?

இரண்டு கார் நிற்கும் கராஜ் இருந்தால் பெரும்பாலான வேலையை முடித்துவிடலாம். காரணம், விமானத்தை யாரும் முழுசாக ஒரே இடத்தில் வைத்துக் கட்டுவதில்லை. வால், இறக்கைகள், உடல் என்று தனித்தனியாகக் கட்டுவார்கள். முடிந்த இறக்கை சுவரோரம் ஒரு ஸ்டாண்டில் நிற்கும். எல்லாவற்றையும் சேர்க்கிற கடைசிக் கட்டத்தில்தான் விமான நிலையத்தில் ஒரு ஹேங்கர் வாடகைக்குத் தேவைப்படும்.

கிட்ஃபாக்ஸ் மாதிரி சில விமானங்களில் இறக்கையை மடக்கலாம். ஆர்வி-12 விமானத்தில் இறக்கைகளைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

பல நிறுவனங்கள் கிட்டைப் பகுதி பகுதியாகவும் விற்கின்றன. முதலில் வால் பகுதியை மட்டும் வாங்குவது வழக்கம். அதைக் கட்டிப் பார்க்கும்போதே இந்த வேலை நமக்கு ஒத்துவருமா, வீட்டில் இருப்பவர்கள் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வார்களா என்பது தெரிந்துவிடும். ஒத்துவரலைன்னா நஷ்டம் வாலோடு போகும்.

வேலை எப்படி நடக்கும்?

அலுமினிய விமானத்தில் ஒரே வேலை திரும்பத் திரும்ப வரும்.

முதலில் இரண்டு தகடுகளைத் துளைக்குத் துளை பொருத்தி, 'க்ளீகோ' என்னும் ஸ்பிரிங் பின்களால் தற்காலிகமாகப் பிடிக்க வைப்பார்கள். துளைகளைச் சரியான அளவுக்குப் பெரிதாக்குவார்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றுவார்கள். ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் இருக்கும் பிசிறை எடுப்பார்கள். துருப்பிடிக்காமல் இருக்க ப்ரைமர் அடிப்பார்கள். மறுபடியும் க்ளீகோ போட்டுச் சேர்த்து, கடைசியாக ரிவெட் அடிப்பார்கள்.

ஆர்வி-12, ஜெனித் போன்ற விமானங்களில் பெரும்பாலும் கைக்கருவியால் இழுத்துப் பொருத்தும் பாப் ரிவெட்தான். இதை ஒரே ஆள் செய்யலாம். வேறு சில ஆர்வி மாடல்களில் காற்றழுத்தத் துப்பாக்கியால் அடிக்கும் கெட்டி ரிவெட் வரும். அதற்குப் பல இடங்களில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் துப்பாக்கி பிடிக்க, இன்னொருவர் பின்பக்கம் இரும்புக் கட்டை வைத்துத் தாங்க வேண்டும். கணவன் துப்பாக்கி, மனைவி கட்டை என்று சேர்ந்து விமானம் முடித்த தம்பதிகள் அங்கே நிறைய.

இப்படி ஆயிரக்கணக்கான ரிவெட்கள். ஒரு ரிவெட் கோணலாகிவிட்டால் அதைத் துளைத்து எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும்.

ஒரு துளைக்கு இவ்வளவு பாடா?

ஷாம்பு பாக்கெட்டை நினைத்துப் பாருங்கள். ஓரத்தில் வெட்டு இல்லாத பாக்கெட்டைக் கையால் கிழிப்பது கஷ்டம். சின்னதாக ஒரு வெட்டு இருந்தால் போதும், சுலபமாகக் கிழிந்துவிடும்.

உலோகத்திலும் கிட்டத்தட்ட இதேதான் நடக்கிறது. இன்ஜின் அதிர்வு, காற்றின் அழுத்தம் காரணமாக விமானத் தகடு ஒவ்வொரு பயணத்திலும் நுணுக்கமாக வளைந்து நிமிர்கிறது. துளையின் ஓரத்தில் பிசிறோ கீறலோ இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். பிசிறு எடுக்கும் வேலை அலுப்பானது. ஆனால் அதை விட்டுவிட்டால் அன்றைக்கு எதுவும் தெரியாது. வருஷங்கள் கழித்து, வானத்தில் தெரியலாம்.

இதற்கு அண்மை உதாரணம் வேன்ஸ் நிறுவனத்திலேயே நடந்தது. தேவை அதிகமானதால், லேசர் மூலம் துளையிட்ட பாகங்களை அந்த நிறுவனம் கிட்களில் அனுப்பியது. ரிவெட்டின் தலை தகட்டோடு சமமாக உட்கார, துளையைக் குழிவாக அழுத்துவார்கள். இதற்கு 'டிம்பிள்' என்று பெயர். லேசர் துளைகளில் டிம்பிள் போட்டபோது சிலவற்றில் விரிசல் விடுவதை, கராஜில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கவனித்துச் சொன்னார்கள். 2023-இல் இது பெரிய பிரச்சினையானது. நிறைய பாகங்களை மாற்றித் தர வேண்டிய நிலை வந்தது. மற்ற நிதிச் சிக்கல்களும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. 2024-இல் அதிலிருந்து மீண்டது.

பெட்டியில் வந்ததெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு கட்ட முடியாது என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

எவ்வளவு நேரம், எவ்வளவு பணம்?

எளிய கிட் என்றால் சில நூறு மணி நேரம், சிக்கலான கிட் என்றால் 2 ஆயிரம் மணி நேரம் அல்லது அதற்கும் மேல் ஆகலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். வேலைக்குப் போகிறவர் தினமும் 1 மணி நேரம், வார இறுதியில் 5 மணி நேரம் ஒதுக்கினால் வாரத்துக்கு 10 மணி நேரம். 1,500 மணி நேர வேலைக்கு 150 வாரம், அதாவது கிட்டத்தட்ட 3 வருஷம். நடுவில் வேலை மாற்றம், குழந்தை, உடல்நலம் என்று வந்தால் இன்னும் இழுக்கும். பாதியில் நின்றுபோன கிட்கள் விற்பனைக்கு வருவது இதனால்தான்.

பணத்தைப் பொறுத்தவரை கிட்டின் விலை தொடக்கம் மட்டுமே. இன்ஜின், புரொப்பெல்லர், ரேடியோ, கருவிகள், பெயின்ட், இன்ஷூரன்ஸ், ஹேங்கர் வாடகை எல்லாம் தனி. சின்ன கிட்களில் புது இன்ஜின் ஒன்றின் விலை, கிட்டின் விலைக்குக் கிட்டத்தட்ட சமமாக இருக்கும்.

ஜான் டென்வர் விமானத்தில் நடந்தது என்ன?

உலகப் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விமானம் விழுந்து உயிரிழந்தார். அவருக்கு வயது 53. அவர் ஓட்டியது 'லாங்-ஈஸி' என்ற சின்ன விமானம். புகழ்பெற்ற வடிவமைப்பாளர் பர்ட் ருட்டானின் வரைபடத்தை வைத்து வேறொருவர் சொந்தமாகக் கட்டியது. டென்வர் அதை விலைக்கு வாங்கியிருந்தார்.

டென்வர் புதியவர் அல்ல. பல வருஷம் விமானம் ஓட்டிய அனுபவம் உள்ளவர். பிறகு எப்படி?

அந்த விமானத்தில் இரண்டு எரிபொருள் டேங்குகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற ஒரு வால்வு உண்டு. வரைபடத்தின்படி அது விமானியின் கால்களுக்கு நடுவே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். காக்பிட்டுக்குள் எரிபொருள் குழாய் வரக் கூடாது என்பது அவருடைய எண்ணம். பாதுகாப்பை நினைத்துச் செய்த மாற்றம்தான்.

ஆனால் அந்த வால்வைத் திருப்ப, விமானி கண்ட்ரோல் ஸ்டிக்கிலிருந்து வலது கையை எடுத்து, உடம்பை இடப்பக்கம் திருப்பி, பின்னால் எட்ட வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் தன்னையறியாமல் பெடலை அழுத்திவிடும். எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாயிலும் அளவுக் குறிகள் இல்லை. அதுவும் விமானியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

விபத்துகளை விசாரிக்கும் அமைப்பான என்டிஎஸ்பி வந்து சேர்ந்த முடிவு இதுதான்: வால்வைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, வலது பெடல் அழுத்தப்பட்டு, விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. புறப்படும் முன் எரிபொருள் நிரப்பாதது, இந்த வகை விமானத்தில் போதிய பயிற்சி இல்லாதது, வால்வை எட்டாத இடத்தில் வைக்கக் கட்டியவர் எடுத்த முடிவு ஆகியவற்றையும் அறிக்கை காரணங்களாகச் சொன்னது.

கராஜில் ஒருவர் ஒரு வால்வின் இடத்தை மாற்றினார். அவர் கட்டிய விமானம் கை மாறியது. உயிர் போனது வேறொருவருக்கு.

அப்போ யாருமே பரிசோதிக்க மாட்டாங்களா?

பரிசோதிப்பார்கள். விமானம் முடிந்ததும் எஃப்ஏஏ ஆய்வாளரோ, அதற்கென அங்கீகாரம் பெற்ற ஒருவரோ நேரில் வந்து பார்ப்பார். ஆவணங்கள், கட்டுமானக் குறிப்பேடு, புகைப்படங்கள் எல்லாம் கேட்பார். ஆனால் அது கடைசியில் நடக்கும் ஒரு பார்வை. மூடிய இறக்கைக்குள் இருக்கும் ஒவ்வொரு ரிவெட்டையும் அவரால் பார்க்க முடியாது.

அந்த இடைவெளியை நிரப்ப உதவுவது ஈஏஏ என்ற அமைப்பு. பால் பொபெரெஸ்னி என்பவர் 1953-இல் மில்வாக்கி நகரில் தொடங்கியது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்கோஷ் நகரில் ஒவ்வொரு கோடையிலும் பெரிய விமானத் திருவிழா நடத்துவதும் இதே அமைப்புதான். ஏற்கெனவே விமானம் கட்டிய அனுபவசாலிகள், இந்த அமைப்பின் தன்னார்வ ஆலோசகர்களாகக் கராஜுக்கே வந்து வேலையைப் பார்த்துச் சொல்வார்கள். தகட்டை மூடும் முன் இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பது, கட்டுபவருக்குக் கிடைக்கும் மலிவான இன்ஷூரன்ஸ்.

பிரிட்டனில் நடைமுறை இன்னும் இறுக்கமானது. அங்கே எல்ஏஏ என்ற சங்கம் ஏற்றுக்கொண்ட வடிவமைப்பைத்தான் கட்ட முடியும். சங்கத்தின் இன்ஸ்பெக்டர் கட்டம் கட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பிரிட்டனில் வசிக்கும் கேரளப் பொறியாளர் ஒருவர் 4 பேர் உட்காரும் ஸ்லிங் வகை கிட் விமானத்தைக் கட்டி, குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றிய செய்தி 2022-இல் இந்திய ஊடகங்களில் பரவலாக வந்தது நினைவிருக்கலாம்.

முதல் பறப்புக்கு முன்னும் பின்னும்

அனுமதி கிடைத்த உடனே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பறக்க முடியாது.

முதலில் மூன்று சக்கரங்களையும் தராசில் நிறுத்தி எடை போட்டு, எடை எங்கே குவிகிறது என்று கணக்கிட வேண்டும். பின்பக்கம் எடை கூடினால் விமானத்தைக் கட்டுப்படுத்துவது கடினம்.

அடுத்தது எரிபொருள் சோதனை. மேலேறும் கோணத்தில் மூக்கைத் தூக்கி வைத்து, இன்ஜினுக்குப் போகும் எரிபொருளின் வேகத்தை அளக்க வேண்டும். பம்ப் இருந்தால் இன்ஜினின் முழு வேகத் தேவையைவிடக் கால் பங்கும், தானாக இறங்கும் அமைப்பு என்றால் பாதிப் பங்கும் கூடுதலாக வர வேண்டும் என்பது எஃப்ஏஏ தரும் வழிகாட்டல். தரையில் சமமாக நிற்கும்போது ஓடும் இன்ஜின், மேலே ஏறும்போது எரிபொருள் கிடைக்காமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இது.

பிறகு சோதனைப் பறப்பு. சான்றளிக்கப்பட்ட இன்ஜினும் அதற்குரிய புரொப்பெல்லரும் இருந்தால் 25 மணி நேரம், இல்லையென்றால் 40 மணி நேரம் என்பது வழக்கமான அளவு. குறிப்பிட்ட சோதனைகளை வரிசையாக முடித்துக்காட்டும் மாற்று வழியும் இப்போது உண்டு. அதுவரை ஆள் நெருக்கம் இல்லாத பகுதியில்தான் பறக்க வேண்டும். பயணி யாரும் கூடாது.

எவ்வளவு பாதுகாப்பு?

என்டிஎஸ்பி 2012-இல் இதை விரிவாக ஆய்வு செய்தது. அமெரிக்காவின் சிறிய ரக, தனியார் விமானங்களில் சொந்தமாகக் கட்டியவை சுமார் 10 சதவீதம். ஆனால் 2011-இல் நடந்த மொத்த விபத்துகளில் அவற்றின் பங்கு சுமார் 15 சதவீதம், உயிரிழப்பு விபத்துகளில் 21 சதவீதம்.

இன்ஜின் செயலிழப்பும், பறக்கும்போது கட்டுப்பாட்டை இழப்பதும்தான் முக்கியக் காரணங்கள். அந்த ஆண்டு விசாரித்த விபத்துகளில் பாதிக்கும் மேல், கட்டியவர் கையில் இல்லாமல் பிறரிடமிருந்து வாங்கிய விமானங்களில் நடந்தவை. புது விமானத்தின் முதல் சில பயணங்களும், பழைய விமானம் புது உரிமையாளரிடம் போன முதல் சில பயணங்களும்தான் அதிக ஆபத்தானவை என்றது ஆய்வு. டென்வருக்கு நடந்தது இரண்டாவது வகை.

இந்தியாவில் முடியுமா?

இந்தியாவில் எந்த விமானமும் டிஜிசிஏ பதிவும் அனுமதியும் இல்லாமல் பறக்க முடியாது. மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ், தன் வீட்டு மொட்டை மாடியில் 6 பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். அது கிட் அல்ல, சொந்த முயற்சி. 2016-இல் மும்பை 'மேக் இன் இந்தியா' நிகழ்ச்சியில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. ஆனால் டிஜிசிஏ பதிவு கிடைத்தது 2017 நவம்பரில்தான். வீடியோ பார்த்துவிட்டு பைக் இன்ஜினை மாட்டிப் பறக்க முயல்வது உயிருக்கு ஆபத்து மட்டுமல்ல, சட்டப்படி குற்றமும் ஆகும்.

கடைசியில் யார் பொறுப்பு?

போயிங் விமானத்தின் ஆவணத்தில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் போயிங் என்று இருக்கும். கராஜில் கட்டிய விமானத்தில் அந்த இடத்தில் கட்டியவரின் பெயர் வரும். விமானத்தில் பொருத்தும் உலோகத் தகட்டிலும் அதே பெயர். கட்டியவர் விரும்பினால் தனிச் சான்று வாங்கி, அந்த விமானத்தின் வருடாந்திரப் பரிசோதனையை அவரே செய்து கையெழுத்துப் போடலாம். சட்டம் தரும் சுதந்திரம் இது.

விமானத்துக்குள் இன்னொரு அறிவிப்பும் ஒட்டியிருக்க வேண்டும். இது தனிநபர் கட்டிய விமானம், வழக்கமான விமானங்களுக்கான அரசின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது அல்ல என்று ஏறி உட்காரும் பயணிக்குச் சொல்லும் வாசகம் அது. கட்டியவரின் மனைவியோ பிள்ளையோ முதல் முறை ஏறும்போது கண்ணில் படுவதும் அதே வாசகம்தான். ராத்திரி 11 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அடித்த அந்தக் கோணல் ரிவெட்டை, மறுநாள் துளைத்து எடுத்தாரா, "பரவாயில்லை" என்று விட்டாரா என்பது கட்டியவருக்கு மட்டும்தான் தெரியும்.